மணி முதலில், மற்ற சத்தம் பிறகு

அந்த ஸ்டெபிலைசர் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறு யாரிடம் சொன்னாலும் "இருந்துட்டுப் போவட்டும், அதுக்கு இன்னா இப்போ?" என்பார்கள்.

இன்று காலை கடைக்கு மேலே இருக்கும் அறையைக் காலி செய்யப் போனேன். அத்தாவின் மளிகைக் கடையைத் தம்பி செல்போன் கடையாக மாற்றிவிட்டான். சரக்கு வைக்க மேலறை வேண்டுமாம். அங்கே நாம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரை மூடிய பிறகு அந்த அறையில் வந்து சேராத சாமான் கிடையாது. பல் போன கீபோர்டுகள், ஒரு மூட்டை வயர், நோன்புக்கஞ்சி காய்ச்சும் அண்டா, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சாம்பல் நிறத் தகரப்பெட்டி. முன்பக்கம் முள் ஆடும் கண்ணாடி கூட உடையவில்லை. சும்மா செருகித்தான் பார்ப்போமே என்று செருகினேன். ‘டக்’ என்றது. அப்புறம் அந்த முனகல். கொஞ்ச நேரத்தில் சூடான தூசியும் வார்னிஷும் கலந்த வாசனை வந்தது. நான் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

செய்யாத தப்புக்கு வாங்கின பெட்டி என்று நீ சொல்வாயே, அதுதான் நினைவுக்கு வந்தது.

கீழே இறங்கினால் என் மகன் செல்போனில் ஏதோ சுட்டுக்கொண்டிருந்தான். "நெட் ஸ்லோம்மா, ஸ்டக் ஆவுது" என்று சலித்துக்கொண்டான். பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் குண்டு வெடிக்கும்போது படம் ஒரு கணம் நின்றது. இரண்டாவது குண்டுக்கு நிற்கவில்லை. மூன்றாவதுக்கும் இல்லை. நெட்டின் தப்பாக இருந்தால் அது குண்டு பார்த்தா நிற்கும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தை நான் சொல்லவில்லை. நமக்கு யார் சொன்னார்கள்? அவனும் கொஞ்ச நாள் நெட்டைத் திட்டிவிட்டு வரட்டும்.

நாம் கரண்டைத் திட்டினோம். கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டு வேறு எதைத் திட்டுவது?

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். நீ ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்து, அந்த இரும்புப் படியில் தடதடவென்று ஏறி, செருப்பைக் கழற்றும் முன்பே "இன்னாடி, பொட்டி ஓடுதா?" என்று கேட்பாய். காலையில் பையன்களுக்கு டைப்பிங், மதியம் பெண்களுக்கு டாலி கணக்கு, சாயங்காலம் பாலிடெக்னிக் பசங்களுக்கு சி மொழி. நடுவில் கிடைக்கும் நேரத்தில் நாம் இருவரும் சின்னச்சின்ன விளையாட்டுகள் எழுதிப் பார்ப்போம். பந்து துள்ளும், பாம்பு வளையும். பாடம் நடத்த உதவும் என்று அத்தாவிடம் சொல்லிவைத்திருந்தோம். அது பாதி உண்மைதான்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும், இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லின் சேஃப்டி ஆபீசர் வந்தார். ‘கிரேன் வரும்போது விலகி நிற்கவும்’ என்று பெரிய எழுத்தில் அடித்துத் தர வேண்டும் என்றார். நீ அடித்துக்கொண்டே கேட்டாய்.

"சார், இத்த யாராச்சும் படிக்கிறாங்களா?"

"நீ படிச்சியேம்மா."

"நா அடிக்கிறதால படிச்சேன் சார். உள்ள வேலை செய்யிறவரு மேல கிரேனப் பாப்பாரா, செவுத்துல போர்டப் பாப்பாரா?"

 நீ விடாமல் உன் நைனாவைப் பற்றிச் சொன்னாய். வேறொரு மில்லில், நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கம்பிக் கட்டு தூக்கிவந்த கிரேனுக்குக் கீழே அவர் இடது காலை இழந்தார். கிரேன் நகரும்போது அடிக்க வேண்டிய மணி அடித்துத்தான் இருந்தது. அவர் காதிலும் விழுந்தது. "ஏன் நைனா நின்ன?" என்று சின்ன வயதில் நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "மணி கேட்டிச்சிம்மா. எந்தப் பக்கம்னு பாத்துக்கினு நின்னேன்."

பொங்கல் கழிந்ததும் அந்த ஆபீசரின் மில்லில் புது ஆட்கள் சேரப்போகிறார்கள் என்பதும், அதில் ஒருவர் நீ அந்த வருஷம்தான் கட்டிக்கொண்ட உன் வீட்டுக்காரர் என்பதும் எனக்குத் தெரியும். குத்தகை நிலம் கைக்கும் வாய்க்கும் போதவில்லை என்று அவரும் சிப்காட் பக்கம் திரும்பிவிட்டார். அவரை நீ தடுக்கவில்லை. தடுத்தால் சாப்பாட்டுக்கு வழி? ஆனால் அன்றிலிருந்து உனக்கு அந்த மணியைத் தவிர வேறு நினைப்பில்லை.

"கம்ப்யூட்டர்ல மில்லு மாதிரியே போட்டுத் தரோம் சார். உள்ள போயி, மணி அடிச்சா வெலகிப் பழகட்டும். இங்க அடிபட்டா மறுபடி மொதல்லருந்து ஆடலாம்ல?"

"கேமா?" என்று அவர் சிரித்தார். சிரித்தாலும் போகாமல் யோசித்துக்கொண்டே நின்றார். "மேனேஜர்கிட்ட கேம்னு சொல்லிடாதீங்க. ட்ரெயினிங் ப்ரோகிராம்னு சொல்லுங்க. புது ஆளுங்க சேர்ற அன்னிக்கு ஓட்டிக் காமிங்க. நல்லா இருந்தா வச்சிக்கலாம். இல்லன்னா வழக்கம்போல போர்டும் லெக்சரும்தான்."

சத்தம் பிடிக்க மில்லுக்குள் போன நாளை மறக்கவே முடியாது. முக்காட்டுக்கு மேலே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நான் நடந்ததைப் பார்த்து நீ சிரித்ததில், டேப் ரெக்கார்டரில் முதலில் பதிவானது உன் சிரிப்புதான். உலை இரைச்சல், ரோலர் உருளும் சத்தம், கம்பி விழும் சத்தம், கிரைண்டர், சங்கு, கிரேன் மணி என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாய். கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். ஆபீசர் பதறிப்போய், "கண்ணத் தொறந்துக்கினு கேளும்மா, நீயே அடிபட்டுடப் போற" என்று சத்தம் போட்டார்.

விளையாட்டு எளிமையானது. மேலிருந்து பார்க்கிற மாதிரி மில். மஞ்சள் ஹெல்மெட் போட்ட குட்டி மனிதன். தரையில் மஞ்சள் கோடு. மணி அடித்ததும் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். எந்தப் பக்கமிருந்து கிரேன் வருகிறது என்பதை அங்கே நின்றுகொண்டு பார்க்கலாம். அதற்கு நீ வைத்த வாசகத்தைத் திரையிலேயே போட வேண்டும் என்று அடம்பிடித்தாய். "மொதல்ல பின்னால வா. எந்தப் பக்கம்னு அப்பால பாத்துக்கலாம்." நான்தான் அதை இலக்கணமாக மாற்றித் தொலைத்தேன்.

எல்லாம் சரியாக வந்தது, அந்த விக்கலைத் தவிர. குட்டி மனிதன் மில்லுக்குள் காலடி வைத்ததும் படம் அப்படியே நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் உள்ளே கணக்குப் பார்க்கிற கடிகாரம் நிற்காது. படம் மறுபடி அசையும்போது கிரேன் தலைக்கு மேல் வந்திருக்கும்.

உன் நைனாவை ஒருநாள் அழைத்துவந்தாய். இரும்புப் படியில் அவர் ஏறிவந்த சத்தம் இன்னும் கேட்கிறது. வலது கால் வைத்தால் ‘டங்’. ஊன்றுகோல் பட்டால் ‘டொக்’. டங், டொக், டங், டொக் என்று நிதானமாக மேலே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உள்ளே நுழைந்தார். மணி அடிக்க வேண்டிய நேரத்தில் விக்கல் வந்தது. அவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். படம் அசைந்தபோது கம்பிக் கட்டு அந்த மனிதன் மேல் இருந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உன்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நா நகந்தேன்மா. அது நகரல."

நீ தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று கீழே போனாய். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும், "இது இப்டியே இருந்துச்சின்னா யாருக்கும் காட்டவே வேணாம்டி. தப்பு செய்யாதவன அடிக்குது" என்றாய். அன்றுதான் அந்த விக்கலைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்தோம்.

கண்டுபிடித்தவர் அத்தா. அதாவது கண்டுபிடித்ததாக நினைத்தவர். விக்கல் வந்த நேரம் பார்த்து மேலே டியூப்லைட் மங்கியது. "ஃபர்னஸ் போட்டுட்டானுங்க. அதான் உங்க பொட்டி மூச்சு வாங்குது" என்றார். நம்ம ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். எந்த மில்லிலோ உலையில் இரும்பு உருக ஆரம்பித்தால், பஜாரில் மின்விசிறி மெதுவாகும், கல்யாண மண்டபத்தில் மைக் கரகரக்கும். மிக்ஸி நின்றாலும் மாமியார் திட்டினாலும் ஃபர்னஸ்தான் காரணம். நாமும் நம்பினோம். பாடம் படிக்கிற பசங்களும் நம்பினார்கள். நீ வாங்கிய ஸ்டெபிலைசர் வந்து இறங்கியது.

அது முனகியது, சூடானது, முள்ளை ஆட்டியது. விக்கல் மட்டும் போகவில்லை.

உடனே என்ன செய்தோம்? ஸ்டெபிலைசர் பத்தவில்லை என்றோம்! இன்னும் பெரியது வாங்கலாமா என்று நான் கேட்டதும்தான் உனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு மதியம் முழுக்க நீ லைட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, நான் விளையாட்டை மறுபடி மறுபடி ஓட்டினேன். லைட் மங்காதபோதும் விக்கல் வந்தது. விக்கல் இல்லாதபோதும் லைட் மங்கியது. ரெண்டும் சேர்ந்து வந்ததை மட்டும் நாம் மனசில் வைத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டிருக்கிறோம்.

"இல்லடி, இன்னும் உறுதியா சொல்ல முடியாது. ஃபர்னஸே இல்லாத ஊருக்கு இத்த தூக்கிக்கினு போவலாம்" என்றாய்.

பழவேற்காட்டில் அம்மாவின் தங்கை, என் சாச்சி வீட்டுக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. போர்வையில் சுற்றிய மானிட்டர் என் மடியில், துண்டு போர்த்திய சிபியு உன் மடியில். பொன்னேரியில் பஸ் மாறும்போது கண்டக்டர், "இன்னாம்மா அது, டிவியா?" என்றார். "ஆமாண்ணா, ஆனா இதுல சீரியல் வராது" என்றாய். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நாம் இருவரும் சீட்டிலிருந்து எழுந்து பெட்டிகளைக் கையில் ஏந்திக்கொண்டோம்.

சாச்சி வீட்டில் ஏரிக்காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. குண்டு பல்பு துளி ஆடாமல் எரிந்தது. பெட்டியைப் போட்டோம். குட்டி மனிதன் மில்லுக்குள் காலடி வைத்தான். நின்றான்.

"கூடவே வந்துகீதுடி!" என்று நீ கைதட்டிய வேகத்தில் சமையலறையிலிருந்து சாச்சி ஓடிவந்தார். என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு, "பொட்டி கெட்டுப்போச்சுன்னு சந்தோசப்படுற புள்ளைங்கள இப்பத்தான் பாக்குறேன்" என்று மோவாயில் கை வைத்தார். உனக்கு அந்தச் சந்தோஷம் ஏன் என்று எனக்கும் அப்போது புரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு தூரம் சுமந்துவந்து தோற்றுப்போனோமே என்று இருந்தது. நீ எறா வறுவலைத் தின்றுகொண்டே, "காரணம் கரண்டு இல்லன்னு தெரிஞ்சிபோச்சி. அப்போ பொட்டிக்குள்ளதான் கீது. கையில சிக்கும்" என்றாய்.

சிக்கியது, அதுவும் அன்றைக்கே. சிபியுவின் முகப்பில் டிஸ்க் படிக்கும்போது எரியும் சிவப்பு லைட்டை நீதான் கவனித்தாய். வாசலில் மீன் விற்கிறவள் கூப்பிட, சாச்சி அந்தப் பக்கம் போக, அறையில் நாம் இருவர் மட்டும். "அந்தச் செவப்பு லைட்டப் பாரு. படம் நிக்கிறப்போ அது அணையவே மாட்டேங்குது." ஒவ்வொரு சத்தமாக எடுத்துவிட்டு ஓட்டினோம். சத்தம் குறையக் குறைய விக்கல் சின்னதானது. எல்லாச் சத்தத்தையும் எடுத்ததும் மனிதன் எங்கும் நிற்காமல் நடந்தான், ஊமை மில்லில்.

விஷயம் இவ்வளவுதான். படம் ஓடுவது என்றால், பெட்டி ஒரு வினாடிக்குள் பல தடவை திரையை வரைகிறது. மில்லுக்குள் நுழைகிற அந்தக் கணத்தில், நீ பிடித்த அத்தனை சத்தத்தையும் ஒரே மூச்சில் டிஸ்கிலிருந்து எடுத்துவா என்று நான் எழுதிவைத்திருந்தேன். அது சத்தத்தைச் சுமந்துகொண்டு வரும்வரை வரைகிற வேலை நின்றுவிடும். நீயோ ஒவ்வொரு சத்தத்தையும் நீளமாகப் பிடித்திருந்தாய். பெட்டி என்ன செய்யும்?

சரி, விளையாட்டு தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்றேன். ஏற்றினோம். கறுப்புத் திரை வந்தது. வந்தது வந்தபடி நின்றது. ஆபீசர் ஒருநாள் எட்டிப் பார்க்க வந்தவர், பெட்டி ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து நம் கண் முன்னாலேயே சுவிட்சை அணைத்துவிட்டார். "எங்க ட்ரெயினிங் ரூம் பொட்டி இத்தவிடப் பழசும்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். புது ஆட்கள் சேரும் நாள் நெருங்கிவிட்டது. உன் முகத்தில் சிரிப்பு குறைந்துபோயிற்று.

வழி கிடைத்தது ஒரு மதியம் கரண்ட் போனபோது. பெட்டிகளெல்லாம் அணைந்து, பசங்கள் வீட்டுக்குப் போய், நாம் இருவரும் ஜன்னலைத் திறந்து வைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த மில்லும் ஓய்ந்து கிடந்தது. நம்ம ஊரில் அப்படி ஓர் அமைதி அபூர்வம். கரண்ட் வந்தது. நம் விசிறி சுற்றியது. மில்லில் முதலில் ஒரு மெல்லிய ஊதல். நீ டம்ளரைக் கீழே வைத்தாய்.

"பம்பு," என்றாய். கொஞ்ச நேரம் போயிற்று. வேறொரு இரைச்சல் சேர்ந்தது. "ப்ளோயர்." மறுபடியும் ஓர் இடைவெளி. அதன் பிறகுதான் தரை அதிர்கிற மாதிரி பெரிய மோட்டார். சின்ன வயதிலிருந்து மில்லுக்குப் பக்கத்தில் இருக்கிற யாருக்கும் இந்த வரிசை காதில் பழகியிருக்கும். எனக்கும் பழகியதுதான். ஆனால் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

"ஏன்டி ஒண்ணொண்ணா போடுறாங்க?" என்று கேட்டவள் நான்.

"எல்லாத்தையும் ஒண்ணா போட்டா மெயினு ட்ரிப் ஆயிடும்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாய். இருவரும் ஒரே நேரத்தில் பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம். மோர் டம்ளர் உருண்டு என் நோட்ஸெல்லாம் நனைந்தது. யார் கவலைப்பட்டோம்?

கரண்ட்மீது போட்ட பழி பொய். ஆனால் மருந்து அந்தக் கரண்டிடமே இருந்திருக்கிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சத்தமாக, இடைவெளி விட்டு ஏற்றுவது என்று எழுத ஆரம்பித்தோம். எதை முதலில் ஏற்றுவது என்பதில் பெரிய சண்டை வந்தது. நான் உலை இரைச்சல்தான் முதலில் என்றேன். அது இல்லாவிட்டால் மில் மாதிரியே இருக்காது என்பது என் வாதம். நீ மேஜையைத் தட்டினாய்.

"ஃபர்னஸ் சத்தம் லேட்டா வந்தா யாரும் சாவ மாட்டாங்க. மணி லேட்டா வரக் கூடாது. படம் வர்றதுக்கு முன்னாலயே மணி உள்ள வந்து ஒக்காந்துரணும். மத்ததெல்லாம் எப்ப வேணா வரட்டும்."

"வர்றதுக்குள்ள அந்தச் சத்தம் தேவைப்பட்டா?"

"ஊமையா இருந்துட்டுப் போவட்டும்."

அது எனக்குப் பிடிக்கவில்லை. கம்பி விழுகிறது, சத்தம் இல்லை என்றால் அசிங்கமாக இருக்காதா? ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பாலிடெக்னிக் பசங்களை உட்காரவைத்து ஆடச் சொன்னோம். வராத சத்தத்தை ஒருவன்கூடக் கேட்கவில்லை. படம் துளி நின்றால் மட்டும் எல்லோரும் "அக்கா, ஸ்டக்கு" என்றார்கள்.

அப்புறம் நீ செய்ததுதான் வேடிக்கை. மனிதன் நேரே மில்லுக்குள் நுழைய வேண்டாம், மில் கேட்டிலிருந்து நடந்துவரட்டும் என்றாய். கேட்டில் நின்று அட்டையில் நேரம் குத்துவான். அறையில் நின்று ஹெல்மெட் மாட்டுவான். அங்கெல்லாம் படம் எப்படியும் அசையாமல்தான் நிற்கும். பெரிய சத்தங்களை அந்த நேரத்தில் ஏற்றினால் விக்கல் யார் கண்ணுக்குத் தெரியும்? உலை இரைச்சலை வெட்டிச் சின்னதாக்கி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாய். கடைசியில் நாம் திட்டம் போடாத ஒன்றும் நடந்தது. கேட்டில் அமைதி. நடக்க நடக்க பம்பு, கிரைண்டர், ரோலர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, உள்ளே போகும்போது முழு மில்லும் இரைந்தது. நிஜ மில்லுக்குள் நடந்துபோவது மாதிரியே இருந்தது. ஆபீசர், "எப்டிம்மா இவ்ளோ யோசிச்சீங்க?" என்று வியந்தபோது, நீ என் காலை மிதித்து வாயை அடைத்தாய்.

அந்த நாளும் வந்தது. ட்ரெயினிங் ரூமில் புது ஆட்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கதவோரம் நின்றார். "யாராச்சும் ஒருத்தரு முன்னால வாங்கப்பா" என்று ஆபீசர் கூப்பிட, ஒருவரும் அசையவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துத் தள்ளியதில் எழுந்து வந்தவர் உன் வீட்டுக்காரர். உன்னைத் தெரிந்தமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நீயும் "இந்தப் பொத்தான அழுத்துங்க சார்" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ அவருக்கு வீட்டில் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தெரியாமல் வரட்டும், அப்போதுதான் நிஜம் தெரியும் என்றிருந்தாய்.

எல்லோரும் திரையைப் பார்க்க, நீ சிவப்பு லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாய். அது எரிந்தது, அணைந்தது, கொஞ்சம் பொறுத்து மறுபடி எரிந்தது. மனிதன் அட்டை குத்தினான். ஹெல்மெட் போட்டான். உள்ளே நடந்தான். படம் எங்கும் நிற்கவில்லை. மணி கணீரென்று அடித்தது. உன் வீட்டுக்காரர் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரையில் மேலும் கீழும் தேடினார். கம்பிக் கட்டு இறங்கியது.

பெஞ்சில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்தபடி, யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னார்.

"நா நின்னுட்டேன்."

நீ என் கையைப் பிடித்தாய்.  அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நீ பழவேற்காடு வரை பெட்டி சுமந்தாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உன் நைனா நகர்ந்தார், படம் நகரவில்லை. இங்கே படம் ஒழுங்காக இருந்தது, நின்றது உன் வீட்டுக்காரர். பெட்டியின்மீது பழி போட அவருக்கு வழியே இல்லை. தப்பு தன்னுடையது என்று தெரிந்தபோதுதானே அதைத் திருத்திக்கொள்ள முடியும்.

"இன்னொரு தபா ஆடலாமா?" என்று அவரே கேட்டார். ஆடினார். மணி அடித்ததும் மனிதன் கோட்டுக்குப் பின்னால் போனான். மறுபடி ஆடினார், மறுபடியும் போனான். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நிஜ கிரேன் நகர, நிஜ மணி அடித்தது. உன் வீட்டுக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து மேனேஜர் காலில் இடித்துக்கொண்டார். அறையே அதிரச் சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. உன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி வயரைச் சுருட்டினேன்.

மேனேஜர் காலைத் தேய்த்துக்கொண்டே, "இந்த கேமை வச்சிக்கங்க" என்றார். ட்ரெயினிங் ப்ரோகிராம் என்ற பெயரை யாரும் சொல்லவில்லை.

அப்புறம் மில் பெட்டிகளை மாற்றியது, நாம் சென்டரை மூடினோம். நீ ஆரம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சரானாய். உனக்கு மார்பில் கட்டி வந்ததும், அது பரவியதும், நீ போனதும் எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டன. நீ போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன், சாமியானாகாரரிடம் பேசினேன், பெஞ்சுகளை இழுத்துப்போட்டேன். என்ன இவள் இப்படி இருக்கிறாள் என்று உன் நாத்தனார் பார்த்தது எனக்கும் தெரிந்தது. பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. ஒருநாள் பஸ்ஸில் உன் சிரிப்பு. ஒருநாள் அரிசி களையும்போது நீ மேஜை தட்டிய சத்தம். அடுத்த ரம்ஜானுக்கு பிரியாணி வாளி அனுப்பியபோது வாசலில் உன் வீட்டுக்காரர் நின்று வாங்கினார். "இன்னாடி, கறி கம்மியா கீது?" என்ற குரல் வரவில்லை. அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன்.

உன்னை முழுசாக நான் இன்னும் ஏற்றி முடிக்கவில்லை. அவசரமும் இல்லை.

என்னிடம் தங்கிவிட்டது ஒரு பழக்கம். லெவல் கிராசிங்கில் மணி அடித்தாலும், பள்ளிக்கூடத்தில் அடித்தாலும், குச்சி ஐஸ் வண்டிக்காரன் அடித்தாலும் ஓர் அடி பின்னால் வந்துவிடுகிறேன். என் மகன், "ஐஸ்காரர் இன்னாம்மா பண்ணப்போறாரு?" என்று கிண்டல் செய்கிறான். செய்துவிட்டுப் போகட்டும்.

ஸ்டெபிலைசரைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "அது அவ வாங்குனதாச்சே, நா எடுத்துக்கினு போறேன்" என்றார். மில்லில் அவருக்கு இப்போது பகல் ஷிஃப்ட். இத்தனை வருஷமும் அதே கிரேனுக்குக் கீழேதான். வேலை முடிந்து, வேலை பார்த்த உடையோடு சாயங்காலம் வந்தார்.

நான் மேலறையில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. கீழே இரும்புப் படியில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. என்னையறியாமல் சுருட்டுவதை நிறுத்தினேன். டங், டங், டங், டங். நடுவில் ஊன்றுகோல் சத்தம் எதுவும் இல்லை. ஒரு கால், இன்னொரு கால், மறுபடி முதல் கால் என்று அவர் மேலே ஏறிவந்தார்.

நான் உடனே கதவைத் திறக்கவில்லை. அவர் கடைசிப் படி ஏறும்வரை, உனக்காகவும் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.